கொழும்பில் குளிர்காலம் கண்ட எஞ்சின்: வெள்ளவத்தைக் கார் ஒன்றின் நிகழ்வு ஆய்வு

தை மாதக் கடைசியில் ஒரு சனிக்கிழமை காலை, தெஹிவளையில் உள்ள என் கராஜுக்கு ஒரு வெள்ளைச் செடான் வந்து நின்றது. 2004ஆம் ஆண்டு ஜப்பானில் செய்யப்பட்டது. 1500 சிசி பெற்றோல் எஞ்சின், ஆட்டோ கியர். உரிமையாளர் வெள்ளவத்தையில் குடியிருக்கும் ஓய்வுபெற்ற கணக்காளர். கணக்காளர் என்பதால் எல்லாவற்றுக்கும் கடதாசி வைத்திருந்தார். கோப்பிலிருந்து மூன்று தாள்களை எடுத்து மேசையில் வரிசையாக வைத்தார்.

முதல் தாள், கார் புகைப் பரிசோதனையில் தோற்றுவிட்டது என்றது. காபன் மொனொக்சைட்டு வரம்பைத் தாண்டியிருந்தது. அந்தச் சான்றிதழ் இல்லாமல் காரின் வருடாந்த வருமான அனுமதிப்பத்திரம் புதுப்பிக்க முடியாது. இரண்டாவது, வேறொரு கராஜ் எழுதிக் கொடுத்த விலைமதிப்பு: ஹெட் கேஸ்கட், அதாவது எஞ்சினின் தலைக்கும் உடம்புக்கும் இடையே தண்ணீரும் ஒயிலும் கலக்காமல் அடைக்கும் தகடு, அதை மாற்றவும் ஹெட்டைக் கழற்றி முகம் சீவவும் கூலியோடு சேர்த்து ஒரு பெருந்தொகை. மூன்றாவது, அவரே கைபேசியில் எடுத்து அச்சிட்ட படம். ஒயில் ஊற்றும் மூடியின் அடியில் மஞ்சள் கலந்த வெள்ளைப் பசை, புளித்த தயிர் போல அப்பியிருந்தது.

“தம்பி, கேஸ்கட் போய்விட்டது என்கிறார்கள். நீங்களும் அதையே சொன்னால் செய்துவிடுவோம்” என்றார்.

ஏறக்குறைய நானும் சொல்லியிருப்பேன். அவர் சொல்லச் சொல்லக் குறித்துக்கொண்டவை இவை: ரேடியேற்றரில் தண்ணீர் குறைகிறது. பொங்கல் முடிந்த கையோடு நுவரெலியா போனபோது மலையேற்றத்தில் கார் கொதித்து நின்றது. மறுநாள் காலை சைலன்சரிலிருந்து வெள்ளைப் புகை வந்தது. ஒயில் மூடியில் தயிர். ஒயில் மட்டமும் நிலையாக இல்லை; ஊரில் ஓடும்போது ஏறுகிறது, நுவரெலியா போய் வந்து பார்த்தால் இறங்கியிருக்கிறது. இந்த ஐந்தையும் எங்கள் தொழிலில் யாரிடம் சொன்னாலும் வாயில் முதலில் வருவது கேஸ்கட்தான். அந்த விலைமதிப்பைக் கொடுத்தவர் ஏமாற்றினார் என்று நான் நினைக்கவில்லை. குறிகள் அவரை ஒரே பக்கம் இழுத்திருக்கின்றன.

என்னைத் தடுத்தவை அவர் பெருமையாகச் சொன்ன இரண்டு விஷயங்கள். ஒன்று, “இந்தக் காரில் மூன்று வருடமாகச் சூட்டு ஊசி கீழ்க்கோட்டைத் தாண்டியதே இல்லை, நுவரெலியாவில் ஒருமுறை தவிர.” மற்றது, “நான் காலையில் கால் மணி, இருபது நிமிடம் எஞ்சினைச் சூடாக்காமல் காரை எடுத்ததில்லை.”

தை மாதத்தில் கூடக் கொழும்பின் விடியற்காலை 22, 23 பாகை செல்சியஸ் இருக்கும். போர்வை தேடுவோம், அவ்வளவுதான். இருபது நிமிடம் சூடாக்கிய பிறகும் ஊசி கீழ்க்கோட்டை விட்டு எழாத எஞ்சின் எங்கே நிற்கிறது என்பதுதான் என் கேள்வியாக இருந்தது.

பழக்கத்தின் வேர்

அவருடைய தம்பி ரொறன்ரோவில் இருக்கிறார். குளிர்காலத்தில் கொழும்பில் காலை ஆறரை மணி என்றால் அங்கே முதல்நாள் இரவு எட்டு. இவர் அடுக்குமாடியிலிருந்து கீழே இறங்கி, காரை ஸ்டார்ட் செய்து, உள்ளே உட்கார்ந்தபடியே தம்பியை அழைப்பார். பேச்சு முடியும்போது எஞ்சினும் தயார் என்பது கணக்கு. அதன் பிறகு அந்தக் கார் ஓடுவது மொத்தம் நான்கு கிலோமீற்றர்: பேத்தியைப் பாடசாலையில் இறக்கி, சந்தையில் மரக்கறி வாங்கி, வீடு. வெள்ளிக்கிழமைகளில் பம்பலப்பிட்டி கதிரேசன் கோவில் கூடுதல்.

இந்தப் பழக்கம் 2022இல் பிடித்தது. பெற்றோலுக்கு நாட்கணக்கில் வரிசையில் நின்ற காலம். பிறகு கியூஆர் அட்டை வந்து, காருக்கு வாரம் 20 லீற்றர் என்றானது. பல கார்கள் வாரக்கணக்கில் அசையாமல் நின்றன. பற்றரி செத்துவிடக் கூடாதென்று இவர் தினமும் பத்து நிமிடம் எஞ்சினை ஓடவிட்டார். அதைக் கேட்ட தம்பி, “நாங்களும் இங்கே குளிர்காலத்தில் அப்படித்தான், கால் மணி நேரம் விட்டுத்தான் எடுப்போம். எஞ்சினுக்கு நல்லது” என்றிருக்கிறார். பெற்றோல் திரும்பி வந்தது. பத்து நிமிடம் இருபதானது.

தம்பி பொய் சொல்லவில்லை. கண்ணாடியில் பனி உறைந்து கிடக்கும்போது வண்டியைச் சூடாக்காமல் எடுத்தால் பாதை தெரியாது, கையும் விறைக்கும். ஆனால் அது ஓட்டுபவருக்குத் தேவையான சூடு. எஞ்சினுக்கு அதில் பங்கு குறைவு. அங்கேயும் இதை வரவேற்பதில்லை. அவசியமின்றி எஞ்சினை நின்ற இடத்தில் ஓடவிடுவதற்கு எதிராக ரொறன்ரோ மாநகருக்கு ஒரு துணைச்சட்டமே உண்டு. ஜெர்மனியின் வீதிச் சட்டமும் அதைத் தடுக்கிறது. உண்மையான கடுங்குளிர் உள்ள வின்னிபெக், எட்மண்டன் பக்கத்துக் கார்களின் முன்புறத்தில் மின்கம்பி ஒன்று தொங்கும். இரவில் அதைச் சுவரில் உள்ள பிளக்கில் செருகிவிட்டால் எஞ்சின் உடம்பில் உள்ள சூடாக்கி தண்ணீரை இளஞ்சூட்டில் வைத்திருக்கும். எஞ்சினை ஓட்டாமலே சூடாக்க வழி கண்டவர்கள் அவர்கள்.

பெற்றோலைக் காற்றோடு கலந்து கொடுக்கும் காபுரேற்றர் இருந்த காலத்தில் இந்த அறிவுரை சரியாகத்தான் இருந்தது. நான் ஹட்டனில் வளர்ந்தவன். தோட்டத்து லொறியில், குளிரில் பெற்றோலைக் கூட்டிவிடும் சோக்கை இழுத்துப் பிடித்தபடி சாரதி காத்திருப்பதைப் பாடசாலைக்குப் போகும் வழியில் பார்த்து நின்றிருக்கிறேன். குளிர்ந்த காபுரேற்றரில் பெற்றோல் ஆவியாகாது. அவசரப்பட்டுக் கிளப்பினால் அடுத்த வளைவில் நின்றுவிடும். ஊசிமூலம் பெற்றோல் தெளிக்கும் எஞ்சின்களில் சோக்கு இல்லை. அதன் வேலையைப் பெருவிரல் அளவுள்ள ஒரு சென்சர் செய்கிறது. தண்ணீரில் மூழ்கியிருக்கும் அந்தச் சென்சரின் மின்தடை 20 பாகையில் ஏறத்தாழ 2.5 கிலோ ஓம்; 80 பாகையில் சுமார் 300 ஓம். கணினி அந்த ஓமைப் பார்த்துத்தான் பெற்றோல் அளவை முடிவு செய்கிறது. தண்ணீர் சூடாகவில்லை என்றால் அதற்கு அது குளிர்காலம்தான். நாட்காட்டியும் ஊரும் அதற்குத் தெரியாது.

சோதித்தவை

காரை இரவு முழுவதும் ஆறவிட்டேன். காலையில் ஒயில் கம்பியை இழுத்துத் துடைத்து மீண்டும் விட்டு எடுத்தால், மேல்கோட்டுக்கு மேலே இன்னும் ஒன்றரை சென்டிமீற்றர் நனைந்திருந்தது. முகர்ந்தேன், பெற்றோல் நிலையத்தின் வாசனை. ஒரு துளியைத் திசுத்தாளில் விட்டேன். நடுவில் கறுப்புப் பொட்டு நின்றது. அதைச் சுற்றி நிறமற்ற ஈரவட்டம் ஒன்று நாம் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அகன்று போனது. நல்ல ஒயில் இப்படி ஓடாது.

பிறகு கேஸ்கட்டை விசாரித்தேன். ரேடியேற்றர் வாயில் பம்பைப் பொருத்தி ஒரு பார் அழுத்தம் கொடுத்துப் பதினைந்து நிமிடம் விட்டேன், முள் அசையவில்லை. அடுத்தது நீலத் திரவச் சோதனை. எரிந்த வாயு தண்ணீருக்குள் கசிந்தால் அந்தத் திரவம் மஞ்சளாக மாற வேண்டும். எஞ்சின் ஓட ஓட ஐந்து நிமிடம் உறிஞ்சியும் அது நீலமாகவே நின்றது. தீப்பொறிப் பிளக்குகளைக் கழற்றினேன். நான்கும் மண்ணெண்ணெய் விளக்குச் சிமினியின் கரி போலக் கறுப்பு. விரலால் தொட்டால் ஒட்டியது. சிலிண்டர்களைக் காயவிட்டு அழுத்தம் அளந்தேன்: நான்கிலும் 12 பாருக்கு மேல், ஒன்றுக்கொன்று 0.3 பாருக்குள்தான் வித்தியாசம். கேஸ்கட் குற்றவாளி அல்ல என்று அப்போதே சொல்லிவிடலாம்.

காரின் கணினியைப் படிக்கும் ஸ்கேனரைச் செருகிக்கொண்டு காரை எடுத்தேன். காலி வீதி நெரிசலில் வெள்ளவத்தை வரை, அங்கிருந்து மரைன் டிரைவ், திரும்பி தெஹிவளை. இருபது நிமிடம் கழித்துத் தண்ணீர் 61 பாகை. மரைன் டிரைவில் கடற்காற்று முகப்பில் அடித்ததும் 57ஆக இறங்கியது. சமிக்ஞை விளக்கில் நின்றால் 66. அதற்கு மேல் போகவே இல்லை. நடுக்கியரில் எஞ்சின் 1100 சுற்றுக்குக் கீழே இறங்க மறுத்தது. நாலாவது கியரும் விழவில்லை. பல ஜப்பானிய ஆட்டோ கியர்கள் தண்ணீர் சூடேறும் வரை மேல்கியரை வேண்டுமென்றே தடுத்து வைக்கும். அவர் அதைக் கியர்ப்பெட்டியின் வயது என்று நினைத்திருந்தார்.

திரும்பி வந்து, எஞ்சினை முழுக்க ஆறவிட்டு, மீண்டும் ஸ்டார்ட் செய்து ரேடியேற்றரின் மேல்குழாயைக் கையால் பிடித்தபடி நின்றேன். சரியான எஞ்சினில் அந்தக் குழாய் பல நிமிடங்கள் குளிர்ந்தே இருந்து, பிறகு திடீரென்று கையை எடுக்க வைக்கும். இதில் முதல் நிமிடத்திலிருந்தே பாயாசக் கிண்ணம் போல மெல்ல மெல்ல வெதுவெதுப்பு ஏறியது. சூட்டைப் பார்த்து ரேடியேற்றர் வழியைத் திறந்து மூடும் வால்வான தெர்மோஸ்டாட்டின் கூட்டைத் திறந்தேன். துருப்பிடித்த செங்காவித் தண்ணீர் கொட்டியது. உள்ளே வெறுமை. வால்வைக் கழற்றி எறிந்துவிட்டு, அதன் ரப்பர் வளையத்தை மட்டும் ஒழுங்காகப் பதித்து, சுற்றிப் பசையும் பூசியிருந்தார்கள்.

“மூன்று வருடத்துக்கு முன் காலி வீதியில் சூடேறியது. ஒரு கராஜில் ஏதோ வால்வைக் கழற்றினார்கள். அதன் பிறகு ஊசி எழும்பவே இல்லை. நல்ல வேலை என்று நானும் விட்டுவிட்டேன்” என்றார் ஐயா.

உள்ளே நடந்தது

‘நம் ஊர் வெயிலுக்கு அந்த வால்வு எதற்கு, அது குளிர் நாட்டுக்காரனுக்குச் செய்தது’ என்பது கொழும்புக் கராஜ்களில் பல காலமாக ஓடும் பேச்சு. நான் தொழில் பழகிய இடத்திலும் கழற்றிய வால்வுகள் ஒரு தகர டப்பாவில் கிடந்தன. எஞ்சினுக்குத் தேவை 82 பாகைக்கு மேலான சூடு. வெளியே 30 பாகை இருந்தாலும் அதற்கு இன்னும் ஐம்பது பாகைக்கு மேல் ஏற வேண்டும். ரேடியேற்றருக்குப் போகும் வழியை அதுவரை அடைத்து வைப்பதே வால்வின் வேலை. அதை எடுத்துவிட்டால், முதல் நிமிடத்திலிருந்தே முழு ரேடியேற்றரும் எஞ்சினைக் குளிர வைக்கத் தொடங்கும். அடுப்பில் உலையை வைத்துவிட்டு, பக்கத்தில் நின்று பச்சைத் தண்ணீரை ஊற்றிக்கொண்டே இருப்பது போல.

இருபது நிமிடம் நின்ற இடத்தில் ஓடவிட்டது இதற்கு மேல் வந்து சேர்ந்தது. சுமை இல்லாத எஞ்சின் பெற்றோலைக் கொஞ்சமாகத்தான் எரிக்கும். எரிப்பதற்கேற்ற சூடும் கொஞ்சம்தான். ஓட்டத்தில் ஐந்து நிமிடத்தில் வரும் சூடு நின்ற இடத்தில் இரண்டு மடங்கு நேரம் ஆகியும் வராது. குளிர்காலம் என்று நம்பிய கணினி கூடுதல் பெற்றோலைத் தெளித்துக்கொண்டே இருந்தது. குளிர்ந்த சிலிண்டர்ச் சுவரில் அது ஆவியாகாமல் ஒட்டி, சுவரில் இருந்த ஒயில் படலத்தைக் கழுவிக்கொண்டு பிஸ்டன் வளையங்களின் வழியே கீழே ஒயில் தொட்டிக்கு இறங்கியது. அரைகுறையாக எரிந்து வெளியேறிய மிச்சம்தான் புகைப் பரிசோதனைத் தாளில் வந்து நின்றது.

தயிரின் கதை வேறு. ஒரு லீற்றர் பெற்றோல் எரிந்தால் ஏறத்தாழ ஒரு லீற்றர் தண்ணீர் ஆவியாக உண்டாகிறது. பெரும்பகுதி சைலன்சரால் போய்விடும். ஒரு சிறு பங்கு வளையங்களைத் தாண்டி எஞ்சினின் அடிவயிற்றுக்குள் நுழையும். ஒயில் நன்றாகச் சூடேறும் எஞ்சினில் அந்த ஈரம் மீண்டும் ஆவியாகி, காற்றுக் குழாயால் உறிஞ்சப்பட்டுப் புகையோடு வெளியேறிவிடும். இந்தக் காரில் ஒயில் சூடேறியதே கிடையாது. ஈரம் போய்ச் சேர இருந்த மிகக் குளிர்ந்த இடம் ஒயில் மூடி. அங்கே வியர்த்து, ஒயிலோடு கடைபட்டுத் தயிரானது. ரேடியேற்றர்த் தண்ணீர் ஒரு துளியும் அதில் இல்லை.

ஒயில் மட்டம் ஏறி இறங்கிய மர்மமும் இதனால் அவிழ்ந்தது. ஊரில் நாளுக்கு நான்கு கிலோமீற்றர் ஓடியபோது பெற்றோலும் தண்ணீரும் சேர்ந்து மட்டத்தை ஏற்றின. நுவரெலியாப் பயணத்தில், மூன்று வருடத்தில் முதன்முறையாக ஒயில் மணிக்கணக்கில் கொதிசூட்டில் கிடந்தது. சேர்ந்திருந்ததில் ஒரு பங்கு ஆவியாகிப் போக, மட்டம் இறங்கியது. அதைப் பார்த்தவர்கள் ஒயில் தண்ணீருக்குள் போகிறது என்று முடிவு கட்டினார்கள். வெள்ளைப் புகை? நம் மூச்சே புகையாகத் தெரியும் ஊரில் சைலன்சரின் ஈரமும் அப்படித்தான் தெரியும்.

பழைய ஒயிலை வடித்து அளந்து பார்த்தேன். இந்த எஞ்சினுக்கு ஊற்ற வேண்டியது மூன்றரை லீற்றர். அளவுக் குவளையில் வந்தது 4.1 லீற்றர். அதுவும் தடிப்பான 20டபிள்யூ-50 ஊற்றியதாகப் பழைய பற்றுச்சீட்டு சொல்லியது. கையில் எடுத்தால் தையல் இயந்திர எண்ணெய் போல ஓடியது. மலையேற்றத்தில் ஒயில் விளக்கு இரண்டொரு முறை மினுங்கியதாக ஐயா அப்போதுதான் நினைவுகூர்ந்தார். அதைக் கேட்டபோதுதான் எனக்கு உண்மையில் வயிற்றைக் கலக்கியது. கேஸ்கட் போகாத எஞ்சின், சுழல்தண்டைத் தாங்கும் பெயரிங் தேய்ந்து முடிந்திருக்கக் கூடிய பயணம் அது.

மலையில் மட்டும் ஏன் கொதித்தது

ஊரில் குளிர்ந்து கிடந்த கார் மலையில் கொதித்தது எப்படி என்று அவர் கேட்டார். நியாயமான கேள்வி. இந்த வகை வால்வுக்கு இரண்டு தட்டுகள் உண்டு. மேல்தட்டு ரேடியேற்றர் வழியைத் திறக்கும். அது திறக்கும்போதே அடியில் உள்ள சிறிய தட்டு, தண்ணீர் ரேடியேற்றரைத் தொடாமல் சுற்றிவரும் குறுக்கு வழியை அடைக்கும். வால்வையே எடுத்துவிட்டால் குறுக்கு வழி எப்போதும் திறந்தே கிடக்கும். சமதரையில் மெதுவாகப் போகும்போது அது பாதகமில்லை. புசல்லாவையைத் தாண்டி, முன்னால் ஒரு பஸ் ஊர்ந்துகொண்டிருக்க, முதலாம் இரண்டாம் கியரில் முழுச் சுமையோடு ஏறும்போது, சூடான தண்ணீரில் ஒரு பகுதி ஆறாமலே எஞ்சினுக்குத் திரும்புகிறது.

அடுத்தது ரேடியேற்றர் மூடி. 1.1 என்று எழுதியிருந்த மூடி, சோதித்தபோது 0.4 பாரிலேயே கசிந்தது. உள்ளே இருந்ததோ குழாய்த் தண்ணீர். கடல்மட்டத்தில் 100 பாகையில் கொதிக்கும் தண்ணீர், 1868 மீற்றர் உயரத்தில் உள்ள நுவரெலியாவில் 94 பாகையிலேயே கொதிக்கும். அந்த வேறுபாட்டை ஈடுசெய்ய வேண்டிய அழுத்தம் மூடியில் இல்லை. இறம்பொடை ஆஞ்சநேயர் கோவிலில் இறங்கிக் கும்பிட்டுவிட்டுப் புறப்பட்டவர்கள், லபுக்கலைத் தேயிலைச் சரிவுகளுக்கு இடையே ஆவி பறக்க நின்றிருக்கிறார்கள். வீதியோரப் பீலித் தண்ணீர் ஊற்றித்தான் மிச்ச தூரம் ஏறியிருக்கிறார்கள்.

மறுநாள் காலை அங்கே 7 பாகை. “இதுதான் உண்மையான குளிர், தம்பி சொன்னது போலச் செய்வோம்” என்று அரை மணி நேரம் ஓடவிட்டிருக்கிறார். ஏற்கெனவே கரி பிடித்த பிளக்குகள் முழுக்க நனைந்து, கார் முச்சக்கரவண்டி போல உதறத் தொடங்கியது. டவுனில் ஒருவர் பிளக்கைத் துடைத்துப் போட்டு அனுப்பினார்.

செய்த வேலையும் என் தவறும்

வால்வு வாங்க, உதிரிப்பாகக் கடைகள் நிறைந்த பஞ்சிகாவத்தைக்கு நானே போனேன். கடைக்காரர் 76.5, 82, 88 என்று மூன்று சூட்டளவில் எடுத்துப் போட்டு, “நம் ஊருக்கு 76.5 எடுங்கள் அண்ணே” என்றார். இந்த எஞ்சினுக்குக் கையேடு சொல்வது 82, அதையே எடுத்தேன். புதிய வால்வையும் நம்பாமல் பொருத்துவது என் வழக்கமல்ல. கராஜ் அடுப்பில் பால் காய்ச்சும் சட்டியில் தண்ணீர் வைத்து, வால்வை நூலில் கட்டித் தொங்கவிட்டு, பக்கத்தில் வெப்பமானியை அடி தொடாமல் பிடித்துக்கொண்டேன். 80 வரை அசைவில்லை. 82ஐத் தாண்டியதும் தட்டு ஒரு மயிரிழை விலகி, விளிம்பில் குமிழிகள் ஓடின. 95இல் சுண்டுவிரல் நகம் நுழையும் அளவு திறந்து நின்றது. அடுப்பை அணைத்தோம், தண்ணீர் ஆற ஆறத் தானே மூடிக்கொண்டது. ஐயா கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு குனிந்து பார்த்தார். அந்தப் பித்தளைக் குமிழுக்குள் இருப்பது மெழுகு, அது உருகி விரியும்போதுதான் தண்டு தள்ளப்படுகிறது என்றதும், “வெறும் மெழுகா?” என்றார்.

வால்வின் விளிம்பில் காற்றுப் போக ஒரு சிறு துளையும் அதில் ஆடும் ஊசியும் இருக்கும். ஊசி மேற்பக்கம் வரும்படி பொருத்தினால்தான் காற்றுக் குமிழி தங்காது. துருத்தண்ணீர் தெளியும் வரை மூன்று முறை கழுவி, சிவப்புக் கூலண்ட் ஊற்றினேன். கொழும்பில் தண்ணீர் உறையாதே, கூலண்ட் எதற்கு என்று கேட்பவர்களுக்கு அந்தச் செங்காவித் தண்ணீரைக் காட்டினால் போதும். உறையாமல் காப்பது அதன் ஒரு வேலை, துருவைத் தடுப்பது இன்னொன்று. புதிய மூடி, நான்கு பிளக்குகள், ஒயில் வடிகட்டி. ஒயில் 5டபிள்யூ-30. அந்த டபிள்யூ குளிர்காலத்தைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லின் முதலெழுத்து. 5 என்பது, உறைநிலைக்குக் கீழே 30 பாகையிலும் எஞ்சினைச் சுழற்றவிடும் அளவுக்கு இளகி நிற்க வேண்டும் என்ற சோதனை எல்லை. கொழும்பில் அந்தக் குளிர் வராது. ஆனால் காலையில் முதல் சுழற்சியிலேயே ஒயில் மேலே உள்ள கேம் வரை விரைந்து ஏறுவது இங்கேயும் தேவை.

அன்று மாலை ஓட்டிப் பார்த்தேன். ஏழாவது நிமிடத்தில் ஊசி நடுவுக்கு வந்து நின்றது; 84 முதல் 88 பாகை. நடுக்கியரில் சுற்று 700க்கு இறங்கியது. நாலாவது கியர் தானாக விழுந்தது. மகிழ்ச்சியோடு சாவியைக் கொடுத்தேன்.

மறுநாள் பிற்பகல் இரண்டு மணிக்குத் தெஹிவளைச் சந்தியிலிருந்து அழைப்பு. “தம்பி, ஊசி மேலே போகிறது.”

ஓடிப்போய்ப் பார்த்தால் 106 பாகை, ரேடியேற்றர் விசிறி அசையாமல் நிற்கிறது. ஏசிக்குச் சுழலும் விசிறி வேறு, அது நன்றாக இருந்தது. ஐயாவுக்குச் சளித்தொல்லை, ஏசி போடுவது அரிது. ரேடியேற்றர் விசிறிக்கு மின்சாரம் விடும் சுவிட்சான ரிலேயைத் திறந்தால் உள்ளே தொடுமுனை கருகி உருகியிருந்தது. மூன்று வருடத்துக்கு முன் காலி வீதி நெரிசலில் கார் சூடேறியதற்கு உண்மைக் காரணம் அதுவே. அதைத் தேடாமல் வால்வைக் கழற்றினார்கள். அறுபது பாகையில் கிடந்த எஞ்சின் விசிறியை ஒருமுறையும் அழைக்கவில்லை. ஆகவே செத்த ரிலே யாருக்கும் தெரியவில்லை. வால்வு ஏன் கழற்றப்பட்டது என்று நான் கேட்டிருக்க வேண்டும். அவர் முதல்நாளே சொல்லியும் என் காதில் ஏறவில்லை. மாலைக் காற்றில் மரைன் டிரைவில் ஓட்டிப் பார்த்துத் திருப்திப்பட்டதற்குப் பதிலாக, நின்ற இடத்தில் விசிறி ஒருமுறை சுழன்று நிற்கும் வரை காத்திருந்தால் போதுமாக இருந்தது. மலையேற்றத்துக்கு நான் சொன்ன விளக்கத்திலும் இந்த விசிறிக்கு ஒரு பெரிய பங்கு உண்டு. வளைவுகளில் ஊர்ந்த காருக்குக் காற்று அதனிடமிருந்துதான் வந்திருக்க வேண்டும். அந்த ரிலேக்கு நான் பணம் வாங்கவில்லை.

பின்னர்

விசிறி சரியானதும், கட்டுநாயக்க அதிவேகப் பாதையில் ஒருமுறை போய்வரச் சொன்னேன். சைலன்சரிலும் ஒயிலிலும் தங்கிய ஈரம் உலர அது தேவை. அதன் பிறகே புகைப் பரிசோதனைக்கு அனுப்பினேன், கார் தேறியது. 500 கிலோமீற்றரில் ஒயிலை மீண்டும் ஒருமுறை மாற்றினோம். அது ஊதாரித்தனம் என்று அவர் முணுமுணுத்தார், நான் விடவில்லை. கப்பல் வழி புதிய கார் வருவது 2020இல் நின்று, ஐந்து வருடம் கழித்துத்தான் மீண்டும் தொடங்கியது. இருக்கும் பழைய எஞ்சினுக்கு இரண்டு போத்தல் ஒயில் பார்ப்பது கஞ்சத்தனம்.

காலைப் பழக்கத்தை மாற்றுவதுதான் கடினமாக இருந்தது. ஸ்டார்ட் செய்யுங்கள், பெல்ட்டைப் போடுங்கள், கண்ணாடியைச் சரிசெய்யுங்கள். அந்த அரை நிமிடம் போதும், புறப்படுங்கள் என்றேன். முதல் மூன்று நான்கு கிலோமீற்றருக்கு 2500 சுற்றைத் தாண்டாமல் மெதுவாக ஓட்டினால் எஞ்சின் ஓட்டத்திலேயே சூடாகும். நுவரெலியாவிலும் இதே கணக்கு, வேண்டுமானால் ஒரு நிமிடம். வாரத்துக்கு ஒருமுறையாவது அரைமணிக்கு மேல் தொடர்ந்து ஓட்டுங்கள், அந்த நான்கு கிலோமீற்றர் ஓட்டம் ஒயிலுக்குப் போதாது. அவர் வாதாடினார். பிறகு கணக்காளரின் வழியிலேயே போனேன்: நின்ற இடத்தில் மணிக்கு ஏறத்தாழ ஒரு லீற்றர், இருபது நிமிடத்துக்கு மூன்றில் ஒன்று, மாதத்துக்குப் பத்து லீற்றர். கைபேசியில் தட்டிப் பார்த்தார், மூன்று வருடத்துக்கும் தட்டினார், பிறகு வாதாடவில்லை. தம்பியுடன் பேசுவது மட்டும் நிற்கவில்லை. இப்போதும் ஆறரைக்குக் கீழே இறங்கி, சாவியைத் திருப்பாமல் உள்ளே உட்கார்ந்து பேசுகிறாராம்.

மூன்று மாதம் கழித்து, ஒரு காலை ஏழு மணிக்கு என்னை அழைத்தார். குரலில் பதற்றம்.

“தம்பி, ஒயில் குறைந்திருக்கிறது. மேல்கோட்டிலிருந்து ஒரு நூல் கீழே.”

“எத்தனை கிலோமீற்றர் ஓடியிருக்கிறது ஐயா?”

“ஆயிரத்து எண்ணூறு.”

“எஞ்சின் என்றால் கொஞ்சம் குடிக்கத்தான் செய்யும், ஐயா. துடைத்து மூடிவிட்டுக் கோவிலுக்குப் புறப்படுங்கள்” என்றேன்.